ஒத்திகை நடக்கிறது, ஆயத்தம் ஏன் வரவில்லை?

கட்டுமானத் துறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சிங்கப்பூரில் பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒத்திகையும் நடத்துகிறோம். ஆனாலும் நிஜமாகவே ஏதாவது நடந்தால் முதல் சில மணி நேரம் தடுமாறிப் போகிறோம். இவ்வளவு முன்னேறிய சமூகத்துக்கு நெருக்கடி மேலாண்மை ஏன் இன்னும் கைவரவில்லை?"

தம்பி, முன்னேறியும் ஏன் கைவரவில்லை என்று கேட்கிறீர்கள். நாம் முன்னேறிய விதமே அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளங்களிலும் பாதுகாப்பு வேலை பார்த்தே காலம் போனவன் நான். நம் நகரம் எதையெல்லாம் வீண் என்று கழித்துக்கட்டி மேலே வந்ததோ, அவற்றையே நெருக்கடி வந்து நின்று கேட்கிறது. கிடங்கில் சும்மா கிடக்கும் பொருள், வேலையில்லாமல் காத்திருக்கும் ஆள், மேலதிகாரியிடம் கெட்ட செய்தியோடு போய் நிற்கும் துணிச்சல், தனக்கு ஒதுக்கப்படாத வேலையில் கைவைக்கும் உரிமை. சாதாரண நாளில் இவை எல்லாம் செலவாகவும் தாமதமாகவும் ஒழுங்கீனமாகவும்தான் தெரியும். 364 நாள் இவற்றைத் துடைத்து எடுத்துவிட்டு 365ஆம் நாள் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1997ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி புதிய வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் கனத்த இரும்புக் கதவும் உள்ள பாதுகாப்பு அறை இருக்க வேண்டும். நாம் அதை பாம் ஷெல்டர் என்கிறோம். உள்ளே பொன்னி அரிசி மூட்டை, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகள், தீபாவளி விளக்குச் சரம், பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை. அன்றாடம் அந்த அறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று குடிமைத் தற்காப்புப் படையே சொல்கிறது. ஆனால் அந்தக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை வீட்டில் யாராவது ஒருமுறையாவது படித்ததுண்டா? பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கிறது. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரம் அது. அந்த ஒலி கேட்டால் வானொலியைத் திறந்து, தமிழில் என்றால் ஒலி 96.8ஐ வைத்து, அறிவிப்பைக் கேட்க வேண்டும். பலர் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சுவர், கதவு, சங்கு எல்லாவற்றையும் அரசாங்கம் வாங்கிக் கொடுத்துவிட முடியும். அவற்றோடு புழங்கும் பழக்கத்தை வாங்கிக் கொடுக்க முடியாது.

அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் தீப்பிடித்தபோது சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் நெருக்கியடித்து நின்ற அந்தக் காலத்துக் கம்பங்களில், அதாவது கிராமக் குடியிருப்புகளில், இளைஞர்களே தீயணைப்புக் குழு வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலமே மேல் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தத் தீயை அவர்களால் அணைக்க முடியவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அந்த ஆபத்தை நம் வாழ்க்கையிலிருந்தே எடுத்துப்போட்டன. அது பெரிய சாதனை, அதன் பலனை அனுபவிப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆபத்து போகும்போது அதைப் பற்றிய கவனமும் சேர்ந்து போய்விட்டது. தீ என்றால் 995, திருட்டு என்றால் 999, தண்ணீருக்கு ஒரு கழகம், நோய்க்கு ஓர் அமைச்சு. ஒவ்வொன்றும் திறமையான கைகளுக்குப் போன பிறகு, குடியிருப்பவருக்குப் பாக்கியிருந்த வேலை தொலைபேசியை எடுப்பதுதான். நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் வழிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. காலணி அலமாரியும் சைக்கிளும் பூந்தொட்டியும் அதை விழுங்கிய எத்தனை மாடிகளைப் பார்த்திருப்பீர்கள்! அந்த வழியாகத்தான் ஒரு நாள் நாமும் தவழ்ந்து வெளியேற வேண்டியிருக்கும் என்ற எண்ணமே அங்கே குடியிருப்பவர்களுக்கு வருவதில்லை.

இனி உங்கள் வேலைக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். பாடங்களை நாம் எப்படிக் கற்கிறோம், கற்றதை என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்க நின்ற 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். தீப்பொறி பறக்கும் வேலைகளுக்கான விதிகள் அதன் பிறகு கடுமையாயின. 1986 மார்ச் 15ஆம் தேதி சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு ஒரு நிமிடத்துக்குள் மண்ணோடு மண்ணானது. 33 பேர் மாண்டார்கள். விசாரணையில் தெரியவந்தது நம்பவே கடினமானது: கட்டடத்தை வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. 1989ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, வடிவமைப்பை இன்னொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்கும் முறையும் வந்தது. இப்படி ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதுதான் சிக்கல். பாடம் விதியாகிறது. விதி படிவமாகிறது. படிவத்துக்குக் கையெழுத்து தேவைப்படுகிறது. சில ஆண்டுகளில், அந்த விதி பிறக்கக் காரணமான நாளைப் பார்த்தவர்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது படிவம் மட்டும். அவர் கண்ணில் அது உயிரைக் காக்கும் ஏற்பாடாகத் தெரிவதில்லை, மாலைக்குள் முடிக்க வேண்டிய தாளாகத் தெரிகிறது.

2017 அக்டோபர் 7ஆம் தேதி பீஷான் ரயில் சுரங்கத்தில் மழைநீர் புகுந்தது நினைவிருக்கிறதா? ஒரு நகரத்தின் முதுகெலும்பு போன்ற வடக்கு-தெற்கு ரயில் பாதையின் ஒரு பகுதி 20 மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பம்புகள் வேலை செய்யவில்லை. பராமரிப்பு நடக்காமலேயே நடந்ததாகப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் ரயில் நிறுவனத்துக்கு 19 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. பம்பு இருந்தது, பராமரிப்பு அட்டவணை இருந்தது, பதிவேடு இருந்தது. நெருக்கடி மேலாண்மைக்கான எல்லா உறுப்பும் காகிதத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். மாதக்கணக்கில் அந்தப் பதிவேட்டைப் புரட்டிய எவருக்கும் நேரில் போய் பம்பை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது. பதிவேடு நிறைந்திருந்தால் வேலை நடந்துவிட்டது என்று நம்புவது நவீன நிர்வாகத்தின் இயல்பு. அப்படி நம்பாவிட்டால் இத்தனை பெரிய நிறுவனத்தை ஒருவர் நடத்தவே முடியாது. அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலையும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கெட்ட செய்தி மேலே போகாத பிரச்சினை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுவே கனமானது, அதனால் இதில் கூடுதல் நேரம் செலவிடுகிறேன்.

2018ல் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் அடக்கம். விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையைப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், கணினியோடு சம்பந்தமில்லாதவர்களும்தான். கீழ்நிலை ஊழியர்கள் சிலர் ஜூன் மாதமே சந்தேகமான உள்நுழைவு முயற்சிகளைக் கவனித்திருந்தார்கள். ஜூலை 4ஆம் தேதி ஓர் ஊழியர் விபரீதமான தேடல்களைக் கண்டு தடுத்து நிறுத்தினார். ஆனால் ஜூலை 10ஆம் தேதிதான் விஷயம் சுகாதார அமைச்சுக்கும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் போய்ச் சேர்ந்தது. இடையில் என்ன நடந்தது? பொறுப்பில் இருந்த ஒரு நடுநிலை அதிகாரி, இதை மேலே சொன்னால் பதில் கேட்டு எல்லாரும் தன்னைத் துரத்துவார்கள், ஓய்வின்றி வேலை பார்க்க வேண்டிவரும் என்று நினைத்தார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தது வேறொரு கவலை. அந்த மனிதர் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நம் அலுவலகங்களில் பிரச்சினையை முதலில் சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது? கூட்டத்துக்கு மேல் கூட்டம், மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல், "முன்பே ஏன் பார்க்கவில்லை" என்ற கேள்வி. அது ஒன்றுமில்லாத சந்தேகம் என்று பிறகு தெரிந்தால், வீணாக ஊரைக் கூட்டினார் என்ற பெயர். சொல்லாமல் இருந்து, ஒன்றும் நடக்காமலும் போனால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நூற்றில் பெரும்பாலான தடவை ஒன்றும் நடப்பதும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்த ஊழியரும் காத்திருக்கத்தான் செய்வார்.

நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், வாசலிலேயே பெரிய பலகை வைத்து விபத்தில்லா நாட்களைக் குறித்துவந்தார்கள். எண் ஏறினால் குழு முழுவதற்கும் பரிசுக் கூப்பன். எண் பெரிதாகப் பெரிதாக, விரலை வெட்டிக்கொண்டவர்கள் மருந்தகத்துக்கு வருவது நின்றது. துணியைச் சுற்றிக்கொண்டு மறைத்தார்கள். தன்னால் நண்பர்களின் கூப்பன் போய்விடக் கூடாது என்ற நல்ல மனதுதான் காரணம். நியர் மிஸ் படிவங்களும், அதாவது மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சொல்லும் தாள்களும், அப்படியே வறண்டுபோயின. மேலிடத்துக்கு அந்தத் தளம் முன்மாதிரித் தளமாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் சாரக்கட்டின் ஒரு பகுதி சரிந்தது. நல்லவேளை, மதிய உணவு நேரம், கீழே யாரும் இல்லை. விசாரித்தபோது அந்த இணைப்பு ஆடுகிறது என்று அங்கே ஏறி இறங்கிய எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை எவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பலகை சொல்லாதவருக்குத்தான் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது.

தமிழ் ஊழியர்கள் மத்தியில் இது இன்னும் ஆழமாக ஓடுகிறது. சூப்பர்வைசர் என்றால் ஊரில் பெரியவர் மாதிரி. அவர் சொன்னதற்கு மாற்றாகப் பேசுவது மரியாதைக் குறைவு. ஊழியருக்கோ வேலை உரிமம் கையில் இருக்கும் வரைதான் இங்கே வாழ்வு. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் பாக்கி இருக்கும்போது, "அண்ணே, இந்தக் குழிக்குள்ள இறங்க மாட்டேன்" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஆபத்தென்று கருதினால் வேலையை நிறுத்தலாம் என்று, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாரம் தவறாமல் சொல்கிறோம். நிறுத்தியவருக்கு அடுத்த மாதம் ஓவர்டைம் கிடைத்ததா என்று பார்ப்பதில்லை. ஆனால் ஊழியர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கையிருப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும், அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, நூடல்ஸ், கழிப்பறைத் தாள் எல்லாம் காலியாகின. அலமாரி காலியாகத் தெரிந்ததே தவிர, நாட்டில் அரிசி காலியாகவில்லை. அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியின் இரு மடங்கைக் கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் அந்தக் கையிருப்பு இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சிங்கப்பூருக்கு 50,000 டன் தர இந்தியா இணங்கியது. உபரியை யாரும் தானாக வைத்திருக்க மாட்டார்கள், அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட இடத்தில் நம் ஏற்பாடு வேலை செய்கிறது. அதே புரிதல் ஆள்பலத்துக்கும் பராமரிப்பு நேரத்துக்கும் இன்னும் வரவில்லை. தாதியர் பற்றாக்குறையோடு ஓடும் மருத்துவமனைப் பிரிவிலோ, ஒருவர் விடுப்பெடுத்தால் ஆட்டம் காணும் பராமரிப்புக் குழுவிலோ நெருக்கடிக்கென்று யாரை ஒதுக்குவீர்கள்?

உபரியை ஆதரித்துப் பேசுவதும் கடினம். தேசியத் தொற்றுநோய் நிலையம் 330 படுக்கைகளோடு 2019 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2003ல் சார்ஸ் என்ற சுவாச நோய் 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொண்டுபோனதன் விளைவு அது. சார்ஸ் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்பு, வராத நோய்க்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம் என்று ஒருவர் கேட்டிருந்தால், கணக்குப்படி அந்தக் கேள்வியில் தவறு கண்டிருக்க முடியாது. சில மாதங்களில் கொவிட் வந்தது. இந்த முறை முதலீடு கண்ணெதிரே நியாயமானது. நடக்காமல் தடுக்கப்பட்ட விபத்துக்கோ சாட்சி கிடையாது. தடுத்தவருக்குப் பதக்கமும் கிடையாது. நடந்த பிறகு ஓடிவந்தவருக்குக் கிடைக்கிறது.

சார்ஸ் கொடுத்த ஆயத்தத்திலேயே ஒரு பொறியும் இருந்தது. சார்ஸில் காய்ச்சல் வந்த பிறகுதான் ஒருவரிடமிருந்து நோய் அதிகம் பரவியது. எனவே வெப்பநிலை பார்த்து ஆளைப் பிரித்தால் போதுமாக இருந்தது. 2020 தொடக்கத்தில் நாம் அதையே செய்தோம். உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் முகக்கவசம் அணியட்டும் என்றோம். கொவிட் கிருமியோ அறிகுறி தெரியுமுன்பே பரவியது. ஏப்ரல் மாதத்தில் அறிவுரை மாறியது, முகக்கவசம் கட்டாயமானது. மிகச் சிறப்பாகத் தயாராகியிருந்த நாடு, போன நோய்க்குத் தயாராகியிருந்தது. திட்டம் எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கைவிடுவதும் கடினம்.

அதே ஏப்ரலில்தான் தங்கும் விடுதிகளில் நோய் வெடித்தது. 3 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள், ஓர் அறையில் பலர், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை. 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சு தந்த தகவலின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர் என்பதும், மருத்துவக் கவனிப்பு உடனுக்குடன் போய்ச் சேர்ந்ததும் உயிரிழப்பை மிகக் குறைவாக வைத்திருந்தன. அதற்காக உழைத்த அத்தனை மருத்துவர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் நம் சமூகம் கடன்பட்டிருக்கிறது. விடுதிகள் விஷயத்தில் இன்னும் நன்றாகத் தயாராகியிருக்க முடியும் என்பதை 2023 மார்ச்சில் வெளியான வெள்ளை அறிக்கையும் ஒப்புக்கொண்டது. ஓர் அரசாங்கம் அதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எளிதல்ல, பாராட்டுகிறேன். ஆனால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அவர்களோடு தோள் உரசித்தான் காய்கறி வாங்குகிறோம். நம் மொழி பேசுகிறவர்கள். எட்டுப் பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாத ரகசியமா? தெரியும். ஆனால் "நாம்" என்று சொல்லும்போது அவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. வீடு வீடாக முகக்கவசம் கொடுத்த நாளில் அந்தக் கணக்கு வீடுகளைக் கொண்டு போடப்பட்டது. யாரைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோமோ அங்கேதான் நெருக்கடி நுழைகிறது. கிருமி ஒருவரின் அடையாள அட்டை நிறம் பார்த்துப் பரவுவதில்லை.

கணக்கில் விடப்பட்டவர்களே காப்பாற்றவும் வருகிறார்கள் என்பது இதன் மறுபக்கம். 1986ல் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கியிருந்தவர்களைக் கனரக இயந்திரங்களால் எடுக்க முடியவில்லை, அதிர்வில் மேலும் சரியும் அபாயம் இருந்தது. அப்போது பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் தாங்களாக முன்வந்து, இடிபாட்டுக்கு அடியில் குடைந்து உள்ளே போனார்கள். மொத்தம் 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். எந்த மீட்புத் திட்டத்திலும் சுரங்கம் தோண்டுபவர்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி சாலையில் கடைவீடு தீப்பற்றியபோது, அருகில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டுமான ஊழியர்கள் ஏணியையும் சாரக்கட்டையும் கொண்டுவந்து சாளரத்தில் நின்ற பிள்ளைகளை இறக்கினார்கள். அந்தத் தீயில் ஒரு சிறுமியை இழந்தோம். அவர்கள் தயங்கியிருந்தால் இன்னும் எத்தனை பேரோ. அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங்கில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பக்கத்துத் தளத்தில் இருந்த ஊழியர்கள், தமிழ்நாட்டுக்காரரான மேற்பார்வையாளர் தலைமையில், கயிறு போட்டுச் சில நிமிடங்களில் ஓட்டுநரை மேலே இழுத்தார்கள்.

இந்த மூன்று நிகழ்விலும் உதவிப் படை வருமுன் அல்லது அது திகைத்து நின்ற நேரத்தில், பக்கத்தில் இருந்தவரிடம் கருவியும் இருந்தது, கைப்பழக்கமும் இருந்தது. அதைவிட முக்கியம், "இது என் வேலையா" என்று அவர்கள் கேட்கவில்லை. அலுவலகங்களில் நாம் அனைவருக்கும் கற்றுக்கொடுத்திருப்பது இதற்கு நேர்மாறு. உன் எல்லைக்குள் நில், அனுமதி வாங்கு, பொறுப்பானவரிடம் விடு. சாதாரண நாளில் அது சரியான பாடம்தான். அனுபவமில்லாத ஆள் துணிந்து நச்சுவாயுத் தொட்டிக்குள் இறங்கி இரண்டாவது சடலமான கதைகளும் நம் துறையில் உண்டு. எனவே எல்லையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. எப்போது எல்லையைத் தாண்டலாம், எதில் ஒருக்காலும் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அதைப் பேசுவதற்குத்தான் நமக்கு நேரம் கிடைப்பதில்லை. குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி 2015லிருந்து செய்வது அந்தப் பேச்சைத்தான். இதயத் துடிப்பு திடீரென நின்றவருக்கு 400 மீட்டருக்குள் இருக்கும் சாதாரணக் குடிமகனை அது கூப்பிடுகிறது. வண்டி வரும்வரை நீ செய்யலாம், இன்னதுதான் செய்யலாம் என்கிறது. இந்த ஊரில் வந்த நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்பேன். உங்கள் கைப்பேசியில் இல்லையென்றால் இன்றே ஏற்றிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொவிட் காலத்து டிரேஸ்டுகெதர் செயலி சேகரித்த தகவல், நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். குற்ற விசாரணைக்கும் போலிஸ் அதைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது பலருக்கு மனம் சங்கடப்பட்டது. அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்து ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். சரி செய்தது நல்லது. ஆனால் அடுத்த நெருக்கடியில் "இதை நிறுவிக்கொள்ளுங்கள்" என்று கேட்கும்போது இந்த நினைவும் கூடவே எழும். நெருக்கடி நேரத்தில் செலவழிக்கும் நம்பிக்கையைச் சாதாரண நாளில்தான் சேர்க்க முடியும். எங்கள் புளோக்கில் கொவிட் காலத்தில் தனியாக இருந்த முதியவர்களுக்கு உணவு கொண்டுபோக வசிப்போர் குழு ஆள் தேடியபோது, கதவு திறந்தது பழக்கமான முகங்களுக்குத்தான்.

"அப்படியானால் நாம் மோசமா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்த வட்டாரத்தில் நம் அளவுக்கு ஆயத்தம் உள்ள நகரங்கள் குறைவு. நிலநடுக்கமோ புயலோ நேரடியாகத் தாக்காத ஊர் என்பதால் நமக்கு இயற்கை ஒத்திகை வைப்பதில்லை என்பது இன்னொரு குறை. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகூட மேசைக்கு அடியில் ஒளியும் பழக்கத்தோடு வளர்கிறது, அடிக்கடி தரை ஆடி அதை நினைவூட்டுகிறது. நமக்கு நினைவூட்ட ஆளில்லை. நாமே நினைவூட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் சலிப்பூட்டாமல்.

ஆகவே உங்கள் தளத்துக்கு வருவோம், கைக்கு எட்டுகிற காரியம் அதுதான். பத்து மணிக்கு ஃபயர் டிரில் என்று முன்தினமே அறிவித்து, ஒன்பதே முக்காலுக்கே எல்லாரும் தலைக்கவசத்தோடு அசெம்ப்ளி ஏரியா பக்கம் நகர்ந்து நிற்கும் ஒத்திகையை நிறுத்துங்கள். நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, வாரத்தை மட்டும் சொல்லிவிட்டு நாளையும் நேரத்தையும் மறைத்துவிடுங்கள். ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டு, அந்த வழி புகையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். மேற்பார்வையாளரைக் கூட்டிப்போய் அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் இல்லாமல் நடத்துங்கள். அப்போது யார் தானாக முன்னால் வந்து ஆட்களை எண்ணுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பாராத ஒருவராக இருப்பார், ஒரு வெல்டராகவோ சமையல்காரராகவோ. அவருக்கு முதலுதவிப் பயிற்சிக்கு முதல் இடம் கொடுங்கள்.

அறிவிப்பைத் தமிழிலும் வங்காளத்திலும் மாண்டரினிலும் பதிவு செய்து வையுங்கள். பதற்றத்தில் மனிதர்கள் தாய்மொழியைத்தான் கேட்கிறார்கள். விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகை வாசலில் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இந்த மாதம் எத்தனை நியர் மிஸ் சொல்லப்பட்டது, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டது என்ற இரண்டு எண்களைப் போடுங்கள். முதல் எண் ஏறினால் நிர்வாகம் பயப்படும். தொடக்கத்தில் ஏறத்தான் வேண்டும், ஏறாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே விளக்கி வையுங்கள். ஒத்திகை முடிந்ததும் குறை சொல்லும் கூட்டத்தில் கடைசியாக வேலையில் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், பெரியவர்கள் கடைசியில். சொன்னதையெல்லாம் எழுதுங்கள். மேலே அனுப்பும் தாளில் சொன்னவரின் பெயர் வேண்டாம், எந்தக் குறையை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பது மட்டும் இருக்கட்டும். அந்தத் தேதி வந்ததும் கையெழுத்தைப் பார்க்காதீர்கள், நீங்களே போய் பம்பை ஓட்டிப் பாருங்கள்.